பல் அப்பாயின்ட்மென்ட்டுக்குப் போகாவிட்டால் கட்டணம்: யார் கேட்கலாம், யார் கேட்கக்கூடாது

கேள்வி இது: "லண்டன் ஈஸ்ட் ஹாமில் இருக்கிறோம். எங்கள் டென்டல் சர்ஜரியில் (பல் கிளினிக்கில்) நான் என்எச்எஸ் (அரசு மருத்துவச் சேவை) நோயாளி. பல் கிளீனிங்குக்கு ஹைஜீனிஸ்டிடம் காலை 11.30-க்கு அப்பாயின்ட்மென்ட் இருந்தது. மகனுக்கு இரவு முழுக்கக் காய்ச்சல். காலை 8.30-க்குப் போன் செய்து ரத்து செய்தேன். 24 மணி நேரத்துக்கு முன்பே சொல்லவில்லை என்று 45 பவுண்டு கேட்கிறார்கள். என்எச்எஸ்ஸில் அப்படிக் கேட்கக்கூடாது என்று நண்பர் சொல்கிறார். கட்ட வேண்டுமா? போன வாரம் அம்மாவின் பல்செட் அப்பாயின்ட்மென்ட்டும் இதே சர்ஜரியில் தவறிப்போனது. அவருக்கு மெசேஜ் ஆங்கிலத்தில் வந்ததால் கவனிக்கவில்லை. அதற்கு அவர்கள் எதுவும் கேட்கவில்லை."

உங்கள் 45 பவுண்டைக் கேட்க அவர்களுக்கு உரிமை இருக்க வாய்ப்பு அதிகம். ஆனால் கேட்டால் குறைப்பார்கள், பல இடங்களில் முதல் முறை என்றால் விட்டே விடுவார்கள். அம்மாவுக்குக் கட்டணமே கிடையாது. ஆனாலும் இந்த இரண்டில் நீங்கள் கவலைப்பட வேண்டியது அம்மாவுடைய அப்பாயின்ட்மென்ட்டைப் பற்றித்தான். மீதியை அப்புறம் படியுங்கள், முதலில் சர்ஜரிக்குப் போன் செய்து அவருக்கு வேறு தேதி வாங்குங்கள். ஏன் என்று கடைசியில் சொல்கிறேன்.

நான் இங்கே ஒரு டென்டல் சர்ஜரியில் நிர்வாக வேலை பார்க்கிறேன். நான் எழுதுவது இங்கிலாந்துக்கு மட்டும் பொருந்தும். ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து ஒவ்வொன்றுக்கும் தனித்தனி ஏற்பாடு.

உங்கள் நண்பர் சொன்னது பாதி சரி. 2006 ஏப்ரலில் புதிய ஒப்பந்த முறை வரும்வரை வராத நோயாளியிடம் என்எச்எஸ் பல் மருத்துவர்களும் கட்டணம் வாங்கலாம் என்றுதான் இருந்தது. புதிய முறை அதை நிறுத்திவிட்டது. இப்போது என்எச்எஸ் நோயாளி கட்டுவதெல்லாம் மூன்று படிகளாக வகுத்த சிகிச்சைக் கட்டணம் மட்டுமே. 2025 ஏப்ரலில் வந்த விலைப்படி பரிசோதனைக்கு 27.40, பல் அடைப்பதற்கும் பிடுங்குவதற்கும் 75.30, கிரவுன், பல்செட் போன்ற லேபில் செய்து வர வேண்டியவைக்கு 326.70 பவுண்டு. வராததற்கு, தாமதமாக வந்ததற்கு, கடைசி நிமிடத்தில் ரத்து செய்ததற்கு என்று தனியாக ஒரு பென்னி கூடக் கேட்க முடியாது. "நிர்வாகக் கட்டணம்" என்று பெயரை மாற்றிக் கேட்டாலும் கூடாது.

ஆனால் நீங்கள் ரத்து செய்தது ஹைஜீனிஸ்டை. சிக்கல் அங்கேதான். இந்த ஊரில் பெரும்பாலான சர்ஜரிகள் ஒரே கூரையின் கீழ் என்எச்எஸ், தனியார் இரண்டையும் நடத்துகின்றன. அதே கதவு, அதே ரிசப்ஷன், அதே நாற்காலி. காலையில் என்எச்எஸ் செக்-அப் செய்த டென்டிஸ்ட் மாலையில் தனியாராகப் பல்லை வெள்ளையாக்கிக் கொடுப்பார். ஈறு நலனுக்குத் தேவை என்று டென்டிஸ்ட் முடிவு செய்தால் கிளீனிங்கும் என்எச்எஸ் கட்டணத்துக்குள்ளேயே அடங்கிவிடும். அப்படி இல்லாமல் நீங்களாக விரும்பி ஹைஜீனிஸ்டிடம் போட்டுக்கொள்ளும் நேரம் அநேகமாக எல்லா இடங்களிலும் தனியார்தான். 2013 முதல் டென்டிஸ்டைப் பார்க்காமலே நேராக ஹைஜீனிஸ்டிடம் போகலாம் என்று ஆனபிறகு இது இன்னும் பெருகிவிட்டது. ஆக "நான் என்எச்எஸ் நோயாளி" என்பது முழு ஆளுக்குமான முத்திரை இல்லை. அந்த நாளில் அந்த நாற்காலியில் எந்தக் கணக்கில் உட்காரப் போகிறீர்கள் என்பதுதான் கேள்வி.

இதைக் கண்டுபிடிப்பது எளிது. சிகிச்சைக்கு ஒத்துக்கொள்ளும்போது எஃப்பி17டிசி என்ற படிவம் கொடுத்திருப்பார்கள். அதில் என்எச்எஸ்ஸில் செய்வது ஒரு பக்கம், தனியாராகச் செய்வது ஒரு பக்கம் எனப் பிரித்துப் போட்டிருக்கும். படிவம் இல்லை என்றால், கிளீனிங்குக்கு என்ன விலை சொன்னார்கள் என்று பாருங்கள். அப்போதைய மூன்று என்எச்எஸ் கட்டணங்களில் ஒன்றாக இல்லாமல் 60, 70 என்று தனி விலை சொல்லியிருந்தால் அது தனியார்.

சரி, தனியார் என்றால் இஷ்டத்துக்குக் கேட்கலாமா? கூடாது. அதற்குமுன் அவர்கள் பக்கத்தையும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதைப் புரிந்துகொண்டால்தான் பேரம் பேச வரும். ஜிபி (குடும்ப மருத்துவர்) கிளினிக்கில் பத்து நிமிடத்துக்கு ஒருவர், ஒருவர் வராவிட்டால் வெளியே காத்திருப்பவர் உள்ளே போவார். பல் நாற்காலியில் அப்படி இல்லை. அரை மணி, முக்கால் மணி என்று ஒருவருக்காக ஒதுக்கியிருப்பார்கள். அந்த நேரத்துக்கு நர்ஸுக்குச் சம்பளம், அறை வாடகை எல்லாம் ஓடிக்கொண்டிருக்கும். பெரும்பாலான ஹைஜீனிஸ்டுகள் மாதச் சம்பளக்காரர்கள் இல்லை. மணிக்கு இவ்வளவு, அல்லது வசூலில் இத்தனை சதவீதம் என்றுதான் பேச்சு. நீங்கள் வராத முக்கால் மணி அவருக்கு வெறும் கை.

நம்ம ஊரில் "டாக்டர் இருக்காரா?" என்று கேட்டுவிட்டுப் போய் உட்காரும் பழக்கத்தில் வந்தவர்களுக்கு இந்தக் கெடுபிடி முதலில் அநியாயமாகத்தான் தெரியும். அங்கே காத்திருக்கும் செலவு நோயாளியுடையது, இங்கே அது சர்ஜரியுடையது. செலவைச் சுமப்பவர் விதி போடுகிறார்.

இனி சட்டம். 2015-ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைச் சட்டம் இதற்குப் பொருந்தும். அதன்படி நியாயமற்ற ஒப்பந்த விதி நுகர்வோரைக் கட்டுப்படுத்தாது. நியாயமற்றவையாக இருக்கக்கூடியவை என்று அந்தச் சட்டம் தரும் பட்டியலில், சொன்னபடி நடக்காத வாடிக்கையாளரிடம் அளவுக்கு மீறிய இழப்பீடு கேட்பதும் ஒன்று. விதியின் வாசகம் இரண்டு விதமாகப் படிக்கும்படி இருந்தால், நுகர்வோருக்குச் சாதகமான பொருளையே எடுக்க வேண்டும் என்றும் அதில் இருக்கிறது. இது உங்களுக்கு உதவலாம். "24 மணி நேர முன்னறிவிப்பு" என்று எழுதி வைத்துவிட்டு, திங்கட்கிழமை அப்பாயின்ட்மென்ட்டை ஞாயிறு காலை மெசேஜ் அனுப்பி ரத்து செய்தவரிடம் "ஞாயிறு எங்களுக்கு வேலை நாள் இல்லை" என்று கட்டணம் கேட்கும் இடங்கள் உண்டு. வேலை நாள் என்று எழுதாமல் வெறும் 24 மணி என்று எழுதியிருந்தால், கட்டணம் கேட்பவர் நிற்கும் தரை பலமானது இல்லை.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. அதே 2015-இல் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் பார்க்கிங்ஐ என்ற நிறுவனத்தின் வழக்கில் ஒரு தீர்ப்புச் சொன்னது. செம்ஸ்ஃபோர்டில் ஒரு கடை வளாகம், இரண்டு மணி நேரம் இலவச பார்க்கிங். ஒருவர் கிட்டத்தட்ட ஒரு மணி நேரம் கூடுதலாக நிறுத்திவிட்டார், 85 பவுண்டு போட்டார்கள். நிறுவனத்துக்கு அந்தக் கூடுதல் நேரத்தால் 85 பவுண்டு நஷ்டம் இல்லை, ஆகவே இது செல்லாது என்பது அவர் வாதம். நீதிமன்றம் ஏற்கவில்லை. இடத்தை எல்லோருக்கும் சுழற்சியில் கிடைக்கச் செய்வது நியாயமான நோக்கம், தொகை மிதமிஞ்சியது இல்லை, பலகையில் பெரிய எழுத்தில் தெரியும்படி எழுதியிருக்கிறது என்று சொல்லி 85 பவுண்டை நிலைநிறுத்தியது. "எனக்காக நீங்கள் இழந்த காசைப் பைசா சுத்தமாகக் கணக்குக் காட்டு, இல்லாவிட்டால் கட்டமாட்டேன்" என்ற வாதம் சர்ஜரி விஷயத்திலும் தனியாக நிற்காது என்றே நான் நினைக்கிறேன். அந்தத் தீர்ப்பிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது பலகையைத்தான்: விதி உங்களுக்கு முன்கூட்டியே, தெளிவாகத் தெரிந்திருந்ததா?

பல் மருத்துவர்களை ஒழுங்குபடுத்தும் ஜெனரல் டென்டல் கவுன்சிலும் செலவு விவரம் நோயாளிக்குத் தெளிவாகத் தெரிய வேண்டும் என்கிறது. சுவரில் ஏதோ ஒரு மூலையில் ஒட்டிய காகிதம் போதாது. ஆனால் ஆன்லைனில் புக் செய்யும்போது டிக் போட்ட பெட்டி, நினைவூட்டல் மெசேஜில் "24 மணி நேரத்துக்குள் ரத்து செய்தால் 45 பவுண்டு" என்ற வரி, கையெழுத்திட்ட புது நோயாளி படிவம், இவற்றில் ஏதாவது ஒன்று இருந்தால் தெரியாது என்று சொல்வது கடினம். போனை எடுத்து அந்த மெசேஜைத் தேடிப் பாருங்கள். இருக்கும்.

தொகையைப் பொறுத்தவரை என் அளவுகோல் இது. கிளீனிங்கின் முழு விலையை விடக் குறைவாக, பாதிக்குப் பக்கத்தில் இருந்தால் பெரும்பாலும் தாக்குப்பிடிக்கும். முழு விலையையே கேட்டால், வராத ஆளுக்குச் செலவாகாத பொருள்களின் காசும் அதில் இருக்கிறது என்று வாதாடலாம். முழு விலையையும் தாண்டிக் கேட்டால் அது தண்டனை, எதிர்த்துக் கேளுங்கள். உங்கள் 45 பவுண்டை நீங்கள் புக் செய்த விலையோடு ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பேரத்தில் உண்மையிலேயே வேலை செய்யும் கேள்வி ஒன்று இருக்கிறது. யாரும் அதைக் கேட்பதில்லை. "11.30 நேரம் வேறு யாருக்காவது போனதா?" நீங்கள் மூன்று மணி நேரம் முன்பே சொல்லிவிட்டீர்கள். பெரும்பாலான சர்ஜரிகள், இடம் காலியானால் உடனே கூப்பிடுங்கள் என்று சொன்னவர்களின் பட்டியல் ஒன்று வைத்திருப்பார்கள். பல் வலியோடு அன்று காலை போன் செய்தவரையோ, பட்டியலில் இருந்த ஒருவரையோ அங்கே உட்கார வைத்திருந்தால், ஒரே நேரத்துக்கு இரண்டு பேரிடம் காசு வாங்குவதை எந்த மேனேஜரும் நிமிர்ந்து நின்று நியாயப்படுத்த முடியாது. கேட்டுப் பாருங்கள். என் அனுபவத்தில் இந்தக் கேள்விக்கு "இந்த முறை விட்டுவிடுகிறோம்" என்பதே பதிலாக வருவதுண்டு.

ஆகவே ரிசப்ஷனில் நின்று சண்டை போடாதீர்கள். அந்தப் பெண்ணுக்குக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்யும் அதிகாரம் கிடையாது, திட்டு வாங்கும் வேலை மட்டும்தான். பிராக்டிஸ் மேனேஜருக்கு ஒரு சின்ன மின்னஞ்சல் போதும். குழந்தைக்கு இரவில் காய்ச்சல் வந்தது, சர்ஜரி திறந்ததும் போன் செய்தேன், இதற்குமுன் எந்த அப்பாயின்ட்மென்ட்டையும் தவறவிட்டதில்லை, அந்த நேரம் வேறொருவருக்குக் கொடுக்கப்பட்டதா என்று சொல்லுங்கள், நல்லெண்ணமாக இந்தக் கட்டணத்தை நீக்க முடியுமா, வேறு தேதிக்கு வரத் தயார். கடைசி வரி முக்கியம். திரும்ப வரப்போகிறவரிடம் 45 பவுண்டு வாங்கி அனுப்புவதைவிட, அவரை வைத்துக்கொள்வது லாபம் என்று மேனேஜருக்குத் தெரியும். உங்களுக்கு நீண்டகால நோயோ ஊனமோ இருந்து அதனால் தவறியிருந்தால் 2010 சமத்துவச் சட்டத்தையும் குறிப்பிடலாம். நியாயமான சலுகை செய்ய வேண்டிய கடமை அவர்களுக்கு உண்டு.

கட்டவே மாட்டேன் என்றால் என்ன ஆகும்? கார்டு விவரம் வாங்கி வைத்திருந்தால், நீங்கள் ஒத்துக்கொண்ட விதியில் அப்படி இருந்தால், எடுத்துக்கொள்வார்கள். இல்லாவிட்டால் இரண்டு மூன்று கடிதம் வரும். 45 பவுண்டுக்காகச் சிறு வழக்கு நீதிமன்றம் போவது அவர்களுக்கும் கட்டுப்படியாகாது, ஆனாலும் போக உரிமை உண்டு. நிச்சயமாக நடப்பது, இனி உங்களுக்குத் தனியார் அப்பாயின்ட்மென்ட் தரமாட்டார்கள் என்பதுதான். தனியார் சிகிச்சை பற்றிய தகராறுகளுக்கு டென்டல் கம்ப்ளெயின்ட்ஸ் சர்வீஸ் என்ற இலவச அமைப்பு இருக்கிறது. அதற்குமுன் சர்ஜரியிடமே எழுத்தில் புகார் செய்திருக்க வேண்டும். 45 பவுண்டுக்கு அவ்வளவு தூரம் போவீர்களா என்பது உங்கள் முடிவு. நான் போகமாட்டேன்.

நடுவில் ஒரு எச்சரிக்கை. என்எச்எஸ் பிஸினஸ் சர்வீசஸ் அத்தாரிட்டியிடமிருந்து 100 பவுண்டு அபராதம் என்று ஒரு கடிதம் வந்தால், அது அப்பாயின்ட்மென்ட் தவறியதற்கு என்று நம்மவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். அப்படி இல்லை. தகுதி இல்லாமல் இலவச சிகிச்சை என்று டிக் போட்டதற்கான அபராதம் அது. கட்ட வேண்டிய சிகிச்சைக் கட்டணம் போக, அதற்கு மேல் அபராதமாக அதிகபட்சம் 100 பவுண்டு வரை போடுவார்கள். அறுபது வயது தாண்டியவர்களின் பிள்ளைகள் இதில் நிறையவே மாட்டுகிறார்கள். இங்கிலாந்தில் அறுபதுக்கு மேல் மருந்தும் கண் பரிசோதனையும் இலவசம், பல் மட்டும் இலவசம் இல்லை. பென்ஷன் கிரெடிட் கேரன்டி போன்ற உதவித்தொகை இருந்தால்தான் விலக்கு. அம்மாவுக்கு நீங்கள்தான் படிவம் நிரப்பினீர்கள் என்றால் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

இப்படிக் கட்டணம் போடுவதால் ஆட்கள் ஒழுங்காக வருகிறார்களா என்பது வேறு கதை. 2022-இல் ரிஷி சுனக் ஜிபி, மருத்துவமனை அப்பாயின்ட்மென்ட்டுகளைத் தவறவிடுபவர்களுக்கு 10 பவுண்டு அபராதம் என்று கட்சித் தலைமைப் போட்டியில் சொன்னார். பிரதமரானதும் சில நாட்களிலேயே கைவிட்டார். எனக்கு அதைவிடப் பிடித்தது லண்டன் பார்ட்ஸ் மருத்துவமனைக் குழுமத்தில் நடந்த ஒரு சோதனை. நினைவூட்டல் மெசேஜில் வாசகத்தை மட்டும் மாற்றினார்கள். வழக்கமான மெசேஜ் போனவர்களில் 11.1 சதவீதம் பேர் வரவில்லை. "நீங்கள் வராவிட்டால் என்எச்எஸ்ஸுக்குச் சுமார் 160 பவுண்டு செலவு" என்று எழுதியபோது அது 8.4 ஆகக் குறைந்தது. ஒரு பவுண்டும் வசூலிக்காமல். பல் மருத்துவத்தில் செய்த சோதனை இல்லை என்றாலும், கட்டணப் பலகை மாட்டுவதற்கு முன் மெசேஜைத் திருத்தலாமே என்று எங்கள் மேனேஜர்களிடம் நான் சொல்வது இதை வைத்துத்தான்.

குழந்தைகள் விஷயம் ஒன்று. மகனுடைய என்எச்எஸ் அப்பாயின்ட்மென்ட் தவறினால் கட்டணம் இல்லை. ஆனால் குழந்தை தானாக வர முடியாது என்பதால், "கூட்டி வரப்படவில்லை" என்று பெற்றோரின் பொறுப்பாகவே குறித்துக்கொள்வது இப்போது பல இடங்களில் நடைமுறை. அடுத்தடுத்துத் தவறினால், அதுவும் சிகிச்சை தேவையான பல் இருக்கும்போது, ஜிபிக்கோ பள்ளி நர்ஸுக்கோ எழுதுவார்கள். குழந்தைப் பாதுகாப்பு சார்ந்த நடைமுறை அது. ஒரு போன் செய்து காரணம் சொல்லிவிட்டால் அந்தப் பேச்சே எழாது.

இப்போது அம்மாவுக்கு வருகிறேன். கட்டணம் கேட்கவில்லை என்பதால் பிரச்சினை இல்லை என்று இருந்துவிடாதீர்கள். சர்ஜரிக்கு என்எச்எஸ் பணம் வருவது யூடிஏ எனும் வேலை அலகுக் கணக்கில். வருடத்துக்கு இத்தனை அலகு என்று ஒப்பந்தம், 96 சதவீதத்துக்குக் கீழே போனால் பணத்தைத் திருப்பி எடுத்துக்கொள்வார்கள். வராத நோயாளிக்கு அலகு கிடையாது, அவரிடம் கட்டணமும் வாங்க முடியாது. சர்ஜரியின் கையில் மிச்சம் இருக்கும் ஒரே ஆயுதம், இனி உங்களைப் பார்க்கமாட்டோம் என்பதுதான். சொல்லாமல் கொள்ளாமல் வராமல் இருந்தால் நடந்துகொண்டிருக்கும் சிகிச்சையை முடித்துக்கொள்ள அவர்களுக்கு வழி உண்டு. ஒரு முறை தவறினால் மன்னிக்கும் இடமும் இருக்கிறது, இரண்டாவது முறையே கடிதம் அனுப்பும் இடமும் இருக்கிறது.

பல பேருக்குத் தெரியாத விஷயம், இங்கே என்எச்எஸ் டென்டிஸ்டிடம் ஜிபி போலப் "பதிவு" என்று ஒன்று கிடையாது. 2006-க்குப் பிறகு, ஒரு சிகிச்சை ஆரம்பித்து முடியும்வரைதான் அவர்களுக்கு உங்கள்மேல் கடமை. முடிந்ததும் நீங்கள் வெறும் பழைய பெயர். அந்தப் பெயரைத் திரும்பக் கூப்பிடுவதும் கூப்பிடாததும் அவர்கள் இஷ்டம். பிரிஸ்டல் செயின்ட் பால்ஸ் பகுதியில் 2024 பிப்ரவரியில் ஒரு என்எச்எஸ் சர்ஜரி திறந்தபோது நூற்றுக்கணக்கான பேர் தெருவில் வரிசையில் நின்றார்கள், போலீஸ் வந்து ஒழுங்குபடுத்த வேண்டியிருந்தது. இழந்த இடத்தைத் திரும்பப் பிடிப்பது அப்படிப்பட்ட வேலை. உங்கள் 45 பவுண்டு அதற்குப் பக்கத்தில் ஒன்றுமே இல்லை.

அம்மாவின் நிலைமை இன்னும் கொஞ்சம் அவசரம். பல்செட் மூன்றாம் படி, 2025 ஏப்ரல் விலைப்படி 326.70 பவுண்டு. அளவு எடுத்து, லேபில் வேலை ஓடிக்கொண்டிருக்கும். நடுவில் தொடர்பு அறுந்து கோர்ஸை, அதாவது இந்தச் சிகிச்சைக் கணக்கை, மூடிவிட்டால், பிறகு தொடர வேண்டும் என்றால் புதிய கோர்ஸ், புதிய கட்டணம் என்ற பேச்சு வரும். பணத்தைத் தாண்டி இன்னொன்றும் உண்டு: சமீபத்தில் பல் பிடுங்கியிருந்தால் ஈறு சில மாதங்களுக்குச் சுருங்கிக்கொண்டே போகும். பழைய அளவில் செய்த செட் தாமதமாகப் போட்டால் ஆடும், உறுத்தும், திரும்ப அளவெடுக்க நேரலாம்.

போன் செய்யும்போது, அம்மாவுக்கு ஆங்கில மெசேஜ் படிக்க வராது, அதனால் தவறியது, கோர்ஸ் இன்னும் திறந்திருக்கிறதா என்று நேரடியாகக் கேளுங்கள். திறந்திருந்தால் அடுத்த தேதி வாங்குங்கள். நினைவூட்டல் மெசேஜ் இனி உங்கள் எண்ணுக்கு வர வேண்டும் என்று அம்மாவையே பக்கத்தில் வைத்துக்கொண்டு சொல்லுங்கள், அவர் சம்மதம் இல்லாமல் மாற்றமாட்டார்கள். தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்றால் அதையும் இப்போதே சொல்லுங்கள், என்எச்எஸ் சிகிச்சைக்கு அது இலவசம். ஏற்கனவே மூடிவிட்டோம் என்றால் எழுத்தில் காரணம் கேளுங்கள். பதில் திருப்தி இல்லை என்றால் புகாரை உங்கள் பகுதியின் ஐசிபி, அதாவது ஒருங்கிணைந்த பராமரிப்பு வாரியத்துக்கு அனுப்பலாம். 2023 ஜூலையிலிருந்து இந்தப் புகார்களைப் பார்ப்பது அவர்கள்தான். அவர்களும் கைவிரித்தால் நாடாளுமன்ற, சுகாதார ஆம்புட்ஸ்மன் எனும் குறைதீர்ப்பாளர்.

45 பவுண்டு பற்றிய மின்னஞ்சலை அம்மாவுக்குத் தேதி உறுதியான பிறகு அனுப்புங்கள், இரண்டையும் ஒரே கடிதத்தில் கலக்காதீர்கள். உங்கள் தனியார் பாக்கிக்காக அம்மாவின் என்எச்எஸ் சிகிச்சையை நிறுத்துவதாக யாராவது சொன்னால் மட்டும், அதை எழுத்தில் தரச் சொல்லுங்கள். எழுத்தில் தரமாட்டார்கள்.